சிவப்புப் பூச்சுக்கு அடியில் பச்சை வண்டி: ஒரு கிரீன் காடஸ் அடையாள ஆய்வு

கேள்வி

பணியிலிருந்து கழிக்கப்பட்ட தீயணைப்பு வண்டி ஒன்று இங்கிலாந்தின் பண்ணை முற்றம் ஒன்றிலோ, ஆப்பிரிக்க நகரம் ஒன்றின் நகராட்சிக் கொட்டகையிலோ நிற்கிறது என்று கொள்வோம். அதன் மேல் சிவப்புப் பூச்சு இருக்கிறது. எண் பலகை மாறியிருக்கிறது. ஏணியும் குழாய்களும் எப்போதோ போய்விட்டன. பின்புறத்தில் பம்ப் இருந்த இடத்தைத் தகடு அடித்து மூடியிருக்கிறார்கள். இந்த வண்டி பிரிட்டனில் 'கிரீன் காடஸ்' என்று மக்கள் அழைத்த வகையைச் சேர்ந்ததா, ஆம் என்றால் அதில் எந்தப் பிரிவு, எந்த ஆண்டுகளுக்கு உரியது என்பதை எவ்வாறு நிறுவுவது என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

இந்த வகையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பழைய தீயணைப்பு வண்டிகளில் இதைப் போல இரு பக்கமும் தவறாக அடையாளம் காணப்படும் வண்டி வேறு இல்லை என்பதே. பச்சை நிறத்தில் பழைய பெட்ஃபோர்டு லாரி எது நின்றாலும் அதற்கு இந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். உண்மையான கிரீன் காடஸ் சிவப்பு வண்ணத்தில் நின்றால், ஏதோ ஒரு மாவட்டத் தீயணைப்பு நிலையத்தின் பழைய வண்டி என்று கடந்து போகிறார்கள். இரண்டு பிழைக்கும் வேர் ஒன்றுதான்: பார்ப்பவர் நிறத்தையும் முகத்தையும் பார்க்கிறார், வண்டி எந்த வேலைக்காகக் கட்டப்பட்டது என்பதைப் பார்ப்பதில்லை. இந்த வண்டியின் பின் சக்கரம், டேங்கின் அளவு, எண் பலகையின் எழுத்துகள், ஓடிய தூரம் என ஒவ்வொரு தடயமும் அந்த வேலையிலிருந்தே பிறக்கிறது. ஆகவே அங்கிருந்து தொடங்குவதே முறை.

வண்டி பிறந்த காரணம்

இதன் அலுவல் பெயர் பெட்ஃபோர்டு ஆர்.எல்.எச்.இசட்., தானே இயங்கிச் செல்லும் பம்ப். அலுவல் பெயரில் தீ என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனின் உள்துறை அமைச்சகம் 1953 முதல் 1956 வரை இவற்றைத் துணைத் தீயணைப்புப் படைக்காகக் கட்ட வைத்தது.

அந்தப் படையின் கதை இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தொடங்குகிறது. வான்தாக்குதலை எதிர்பார்த்து 1938-இல் தன்னார்வலர்களைக் கொண்டு அது உருவாக்கப்பட்டது. அப்போது பிரிட்டனில் 1,600-க்கும் மேற்பட்ட உள்ளூர்த் தீயணைப்புப் படைகள் இருந்தன. ஓர் ஊரின் குழாய் இன்னோர் ஊரின் குழாயோடு பொருந்தாத நிலையும் இருந்தது. 1940 டிசம்பர் 29 இரவு லண்டன் நகரின் மையத்தில் தீக்குண்டுகள் விழுந்தபோது, நிலத்தடி நீர்க்குழாய்கள் உடைந்துபோயின. தேம்ஸ் ஆற்றிலோ நீர் மிகவும் தாழ்ந்திருந்தது. ஆற்றங்கரையில் நகரம் எரிய, வீரர்களின் கையில் இருந்த குழாய்கள் வறண்டன. 1941 ஆகஸ்டில் எல்லாப் படைகளும் ஒரே தேசியத் தீயணைப்புப் படையாக இணைக்கப்பட்டதற்கும், குழாய் இணைப்புகள் நாடு முழுவதும் ஒரே அளவாக்கப்பட்டதற்கும் இத்தகைய இரவுகளே காரணம்.

போர் முடிந்த பின் 1948 ஏப்ரல் 1 அன்று தீயணைப்புப் பணி மீண்டும் உள்ளாட்சிகளிடம் சென்றது. துணைத் தீயணைப்புப் படை பின்பு அவற்றோடு தனியே மீண்டும் அமைக்கப்பட்டது. ஆனால் 1949 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியம் அணுகுண்டைச் சோதித்தது. அணுகுண்டு விழுந்த நகரத்தில் நிலத்தடிக் குழாய் எதுவும் உயிரோடு இருக்காது. தீயோ பல சதுர மைல் பரப்பில் எரியும். அந்நிலையில் நகருக்கு வெளியே உள்ள ஏரி, ஆறு, கால்வாய் ஆகியவற்றிலிருந்து பல மைல் தூரத்துக்கு நீரைத் தள்ளிக்கொண்டு வந்தாக வேண்டும். நீண்ட குழாயில் நீர் ஓடும்போது உட்சுவரின் உரசலால் அழுத்தம் குறைந்துகொண்டே போகும். எனவே குறிப்பிட்ட இடைவெளிகளில் ஒரு பம்பை நிறுத்தி, வந்த நீரை மீண்டும் அழுத்தம் கொடுத்து அடுத்த பம்புக்கு அனுப்ப வேண்டும். இப்படிச் சங்கிலித் தொடராக நிற்க வேண்டிய பம்புகளில் ஒன்றே கிரீன் காடஸ். வீட்டுத் தீயை அணைப்பது அதன் இரண்டாவது வேலைதான்.

உடைந்த சாலையிலும் இடிபாடுகளின் மேலும் போக வேண்டும், பெருமளவு நீரை மணிக்கணக்கில் தள்ள வேண்டும், பயிற்சி குறைந்த தன்னார்வலரும் இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும், எந்த ஊருக்கும் சொந்தமில்லாமல் மைய அரசின் கையில் இருக்க வேண்டும் என்பவையே அதற்கு விதிக்கப்பட்ட கட்டளைகள். இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு வண்டியின் கீழ்ப்பகுதியிலிருந்து மேல்நோக்கிப் போவோம்.

சேசிசும் சக்கரமும்

நம் ஊரில் லாரி சேசிசை, அதாவது எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும் அடிச்சட்டத்தை, வாங்கி நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ பாடி கட்டுவதைப் போலவே, இந்த வண்டியும் இரண்டு கைகளின் வேலை. சேசிசும் எஞ்சினும் பெட்ஃபோர்டு நிறுவனத்துடையவை. பாடி வேறு கட்டுநர்களுடையது. பெட்ஃபோர்டு என்பது வாக்ஸால் நிறுவனம் 1931 முதல் தன் லாரிகளுக்கு வைத்த பெயர். வாக்ஸால் நிறுவனமோ 1925 முதல் ஜெனரல் மோட்டார்சின் உடைமையாக இருந்தது.

முதலில் வந்த வண்டிகள் 1950-இல் அறிமுகமான எஸ் வரிசை லாரியின் சேசிசில் கட்டப்பட்டவை. அவற்றில் பின் சக்கரங்களுக்கு மட்டுமே இயக்கம் உண்டு. பின்னர் வந்தவை, அதே லாரியின் படைத்துறை வடிவமான ஆர் வரிசை சேசிசில் அமைந்த நான்கு சக்கர இயக்க வண்டிகள். பிரிட்டிஷ் படைகள் பெருமளவில் பயன்படுத்திய ஆர்.எல். லாரியும் இதே குடும்பம். 1953-க்கும் 1969-க்கும் இடையே அந்த லாரி 73,000-க்கும் மேல் கட்டப்பட்டது. எனவே சேசிசை மட்டும் வைத்து 'இது கிரீன் காடஸ்' என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சேசிஸ் பொருந்தாவிட்டால் 'இது அன்று' என்று உடனே சொல்லிவிடலாம். விலக்குவதற்கு இதைவிட நல்ல தடயம் கிடையாது.

களத்தில் முதலில் பார்க்க வேண்டியது பின் சக்கரம். இரு சக்கர இயக்க எஸ் வரிசை வண்டியில் பின் அச்சின் ஒவ்வொரு பக்கமும் இரட்டை டயர் இருக்கும். நான்கு சக்கர இயக்க வண்டியில் பின்புறமும் ஒற்றை டயரே, அதுவும் பெரிய அளவில். சேற்றிலும் இடிபாட்டிலும் முன் சக்கரம் பதித்த தடத்திலேயே பின் சக்கரமும் உருள வேண்டும் என்பதும், இரட்டை டயர்களுக்கு நடுவே கல் சிக்கக் கூடாது என்பதும் படைத்துறை லாரிகளில் ஒற்றை டயரை விரும்பியதற்கான காரணங்கள். அடுத்து வண்டியின் முன்புறம் குனிந்து அச்சைப் பார்க்க வேண்டும். நான்கு சக்கர இயக்கமானால் முன் அச்சில் பற்சக்கரப் பெட்டியின் உருண்டை தெரியும், சக்கரத்தின் மையமும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். வண்டி முழுவதும் தரையிலிருந்து உயர்ந்து நிற்பதும் கண்ணுக்குப் படும். ஆனால் வெறும் உயரத்தைக் கொண்டு முடிவு செய்வதை நான் ஏற்பதில்லை. வில்பட்டைகள் (ஸ்பிரிங்) தளர்ந்த பழைய வண்டியின் உயரமும், பெரிய டயர் மாட்டிய வண்டியின் உயரமும் பொய் சொல்லும்.

பெட்ஃபோர்டு என்றதும் இலங்கைச் சாலைகளில் பல்லாண்டுகள் ஓடிய, முன்னால் மூக்கு நீண்ட லாரியே நம்மில் பலர் மனக்கண்ணில் வந்து நிற்கும். பாகிஸ்தானில் சித்திரங்களால் அலங்கரிக்கப்பட்டு ஓடுவனவும் அந்த மூக்கு நீண்ட வகையே. கிரீன் காடஸ் வண்டிக்கு மூக்கு கிடையாது. ஓட்டுநர் ஏறத்தாழ முன் அச்சின் மேலேயே அமர்கிறார். எஞ்சின் அவருக்கும் பக்கத்து இருக்கைக்கும் இடையே மூடிக்குள் இருக்கிறது. அந்த எஞ்சின் 4.9 லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டரும் கொண்ட பெட்ரோல் எஞ்சின், ஆற்றல் 110 குதிரைத்திறன். ஏற்றுமதியான வண்டிகளில் பெட்ரோல் செலவைத் தாங்க முடியாமல் டீசல் எஞ்சின் மாற்றியிருப்பது இயல்பு. எஞ்சின் மாறியிருப்பதை அடையாளத்துக்கு எதிரான சான்றாகக் கொள்ளக் கூடாது.

பம்பும் டேங்கும்

தடயங்களிலேயே மிக வலிமையானது, என் கணிப்பில், பம்புக்கும் டேங்குக்கும் இடையிலுள்ள விகிதம். பின்புறத்தில் பொருத்தப்பட்ட சிக்மண்ட் பம்ப் நிமிடத்துக்கு 900 இம்பீரியல் கேலன், அதாவது ஏறத்தாழ 4,000 லிட்டர் நீரைத் தள்ளக்கூடியது. டேங்கோ இரு சக்கர இயக்க வண்டியில் 400 கேலன், நான்கு சக்கர இயக்க வண்டியில் 300 கேலன். பம்பை முழு வேகத்தில் இயக்கினால் 300 கேலன் டேங்க் 20 விநாடியில் காலியாகிவிடும். தன் டேங்கை நம்பித் தீயணைக்கப் புறப்படும் வண்டிக்கு இப்படியொரு பம்ப் பொருளற்றது. வெளியே உள்ள நீர்நிலையையோ முந்தைய பம்பையோ நம்பி நிற்கும் வண்டிக்குத்தான் இது பொருந்தும்.

ஆகவே பம்ப் கழற்றப்பட்டிருந்தாலும் அது இருந்த இடத்தின் அளவைப் பார்க்க வேண்டும். பின்புறச் சட்டத்தில் பம்பைத் தாங்கிய குறுக்குச் சட்டங்கள், துளைகள், கியர் பாக்சிலிருந்து பின்னோக்கி ஓடிய சுழல்தண்டின் தாங்கிகள் ஆகியவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். அவற்றை வெட்டி எடுக்க ஒருவருக்கும் காரணம் இருப்பதில்லை. பம்பைப் பழைய இரும்புக்கு விற்றவருக்கு, அதைத் தாங்கிய இரும்புத் துண்டில் அக்கறை இருக்காது. படைத்துறைச் சரக்கு லாரியைப் பின்னாளில் தீயணைப்பு வண்டியாக மாற்றியிருந்தால் இந்தத் தாங்கிகள் வேறு பற்றவைப்பில், வேறு தடிமனில் இருக்கும்.

குழாய் இணைப்பு வாய்கள் மிஞ்சியிருந்தால் அவற்றையும் பார்க்கலாம். பிரிட்டிஷ் மரபில் நீர் வெளியேறும் வாய், இரண்டரை அங்குலக் குழாயைத் தள்ளியவுடன் கொளுவிக்கொள்ளும் வகை. அமெரிக்க வண்டியில் திருகுமரை இருக்கும். ஜெர்மன் வழியில் வந்ததானால், இரு முனைகளும் ஒன்றுபோலவே உள்ள ஸ்டோர்ஸ் இணைப்பு இருக்கும். இந்தியத் தீயணைப்புத் துறைகளில் இன்றும் புழங்கும் 63 மில்லிமீட்டர் இணைப்பு அந்தப் பிரிட்டிஷ் வகையின் வழிவந்ததே என்பதால், தமிழ்நாட்டில் தீயணைப்புப் பணியில் இருப்பவர் ஒருவருக்கு கிரீன் காடஸ் வண்டியின் பின்புறம் அந்நியமாகத் தோன்றாது. இணைப்பு வாய் மாற்றத்தக்கது என்பதால் இதைத் துணைச் சான்றாக மட்டுமே கொள்ள வேண்டும்.

துணைத் தீயணைப்புப் படைக்கு வழங்கப்பட்ட சிறிய, கையால் தூக்கிச் செல்லும் பம்பைப் பற்றியும் ஒரு சொல். 1950-ஐ ஒட்டி அரசு கேட்ட எடை குறைந்த பம்புக்காக கோவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனம் வடிவமைத்த 1,020 சி.சி. எஞ்சின், அதன் இலேசான எடைக்காகவே பந்தயக்காரர்களின் கண்ணில் பட்டது. அதிலிருந்து வளர்ந்த எஞ்சின்கள் லோட்டஸ், கூப்பர் பந்தய கார்களில் ஓடின. பின்னாளைய ஹில்மன் இம்ப் என்ற சிறு காரின் எஞ்சினும் அதே வம்சம். இதனால் ஏற்பட்ட விளைவு ஒன்றும் உண்டு. அந்தச் சிறு பம்புகளைச் சேகரிப்போர் தனியே தேடி வாங்கிவிடுவதால், பழைய வண்டியில் அது இல்லாதிருப்பது எதையும் உணர்த்தாது.

பாடி

பாடியைப் பொறுத்தவரை ஒரே வரைபடத்தைப் பல கட்டுநர்களிடம் கொடுத்து உள்துறை அமைச்சகம் வேலை வாங்கியது. பின்னாளில் லண்டனின் ரூட்மாஸ்டர் பேருந்துகளுக்குப் பாடி கட்டிப் பெயர் பெற்ற பார்க் ராயல் அவர்களில் ஒருவர். கேம்பிரிட்ஜ் அருகே காசநோயாளிகளின் மறுவாழ்வுக் குடியிருப்பாகத் தொடங்கி, அவர்களுக்குத் தொழில் தரப் பட்டறைகளை நடத்திய பேப்வொர்த் இன்னொருவர். கட்டுநரின் சிறு தகடு எங்கேனும் மிஞ்சியிருந்தால் நல்லது. இல்லையென்றால் பாடியின் தோற்றத்தை மட்டும் வைத்துக் கட்டுநரைப் பெயர் சொல்லும் துணிவு வேண்டாம். ஒரே வரைபடத்தின்படி வேலை வாங்கியதன் நோக்கமே எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதுதான்.

வகையை நிறுவுவதற்குப் பாடியில் நான்கைந்து அடையாளங்கள் போதும். இரண்டு கண்ணாடிகளாகப் பிரிந்த முன்புறம், குழுவினர் அமர்வதற்கான நீண்ட கேபின், அதற்குப் பின்னுள்ள பக்கப் பெட்டிகள், இரு பக்கமும் ஒவ்வொரு ஹோஸ் ரீல் (குழாய் சுற்றிய உருளை), கூரை மேல் ஏணிக்கான தாங்கிகள் ஆகியவை அவை. படைத்துறை ஆர்.எல். சரக்கு லாரியின் கேபின் குறுகியது, கூரையில் வட்டமான திறப்பு ஒன்றும் அதற்கு உண்டு. பழைய படத்தில் கேபின் கூரையில் அந்த வட்டம் தெரிந்தால், பச்சை நிறமும் பெட்ஃபோர்டு முகமும் எவ்வளவு பொருந்தினாலும் அது கிரீன் காடஸ் இல்லை.

நீல நிறச் சுழல்விளக்கு பலரைக் குழப்புகிறது. பிரிட்டனில் தீயணைப்பு வண்டிகளுக்கு அந்த விளக்கு பொதுவானது 1960-களில்தான். 1950-களின் வண்டியில் அது இருந்தால் பின்னால் பொருத்தப்பட்டது என்று பொருள். விளக்கின் வகையைக் கொண்டு வண்டியின் வயதைக் கணிப்பது வீண்.

நிறத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் அது பொய் சொல்வதே. ஆனால் அது முழுவதும் பயனற்றது என்று சொல்ல மாட்டேன். வெளிப்புறத்தில் பூசுபவர் பெட்டிகளின் உட்புறத்தையும், எண் பலகையின் பின்பக்கத்தையும், எஞ்சின் மூடியின் அடிப்புறத்தையும், கதவுக் கீல்களின் இடுக்கையும் விட்டுவிடுவார். அந்த இடங்களில் ஆழ்ந்த பச்சை தெரிந்தால், அதுவும் உலோகத்தின் மேலுள்ள முதல் பூச்சாகவே தெரிந்தால், அது கணிசமான சான்று. அடியில் சிவப்பும் மேலே பச்சையுமாக இருந்தால், பச்சைக்கு ஆசைப்பட்டுப் பின்னால் பூசிய வேறு வண்டியாக இருக்கலாம். வண்டியைத் தொடாமல் கண்ணால் மட்டும் பார்ப்பதானால் இந்தச் சோதனைக்கு உரிமையாளரின் இசைவு கேட்க வேண்டியதில்லை. சுரண்டிப் பார்ப்பதானால் கேட்டே தீர வேண்டும்.

எண் பலகை

1963-க்கு முந்தைய பிரிட்டிஷ் பதிவெண்களில் பொதுவாக மூன்று எழுத்துகளும் மூன்று இலக்கம் வரையிலான எண்ணும் இருக்கும். மூன்று எழுத்துகளில் கடைசி இரண்டும் பதிவு செய்த அலுவலகத்தைக் குறிக்கும். கிரீன் காடஸ் வண்டிகளில் என்.ஒய்.வி., பி.ஜி.டபிள்யூ., ஆர்.எக்ஸ்.பி., எஸ்.ஒய்.எச். போன்ற தொடக்கங்கள் காணப்படுகின்றன. இவற்றின் கடைசி இரண்டு எழுத்துகள் எல்லாமே லண்டனுக்கு உரியவை.

ஸ்காட்லாந்திலோ வேல்சிலோ பல்லாண்டுகள் நின்ற வண்டியும் லண்டன் எண்ணைத் தாங்குவது ஏன் என்றால், அது அந்த ஊருக்குச் சொந்தமாக இருந்ததே இல்லை. லண்டனில் இருந்த அமைச்சகம் வாங்கியது, அங்கேயே பதிவு செய்தது, பின்பு நாடெங்கும் அனுப்பியது. உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தின் சிவப்பு வண்டியோ அந்த மாவட்டத்தின் எழுத்துகளையே தாங்கியிருக்கும். ஆகவே லண்டனுக்குத் தொலைவில் எடுக்கப்பட்ட பழைய படத்தில், 1950-களின் பெட்ஃபோர்டு தீயணைப்பு வண்டி லண்டன் எண்ணோடு நின்றால் ஐயம் பெருமளவு தீரும். போர்க்காலத்தில் உள்துறை அமைச்சகம் வழங்கிய சாம்பல் நிற வண்டிகளிலும் இதே பழக்கம் இருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் அவை வேறு சேசிஸ், வேறு காலம்.

எண் பலகைக்கு ஒரு பலவீனம் உண்டு. பதிவு ஆண்டைக் காட்டும் எழுத்து இல்லாத பழைய எண்களுக்குப் பிரிட்டனில் நல்ல விலை. அதைத் தனியே விற்றுவிட்டு, வண்டிக்கு அதன் காலத்துக்கு ஏற்ற வேறு எண்ணைப் பெறுவது சட்டப்படி இயலும். அதனால் லண்டன் எழுத்து இருப்பது ஆதரவான சான்றாகுமே தவிர, இல்லாதிருப்பது எதிர்ச் சான்றாகாது. வெளிநாடு சென்ற வண்டியில் இந்தத் தடயமே பெரும்பாலும் இருக்காது. அங்கே சேசிஸ் எண்தான் துணை. சட்டத்தில் பொறிக்கப்பட்ட எண்ணும் கேபினில் உள்ள தகட்டின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இரண்டு வண்டிகளை ஒன்றாக்கிய பட்டறை வேலை அங்கேதான் வெளிப்படும்.

ஒத்த தோற்றமுள்ள பிற வண்டிகள்

குழப்பம் தரும் வண்டிகளில் முதலாவது, துணைத் தீயணைப்புப் படையின் பிற வாகனங்கள். ஆர்.எல். சேசிசிலேயே குழாய்களைச் சுமந்து சென்ற லாரிகள் அந்தப் படையில் இருந்தன. கோமர் கியூ4 லாரியில், நீரில் மிதக்கும் தெப்பங்களையும் பம்புகளையும் ஏற்றிச் சென்ற 'பிகினி' பிரிவும் இருந்தது. கரையிலிருந்து எட்டாத நீரைத் தெப்பத்தின் மேல் பம்பை வைத்து இறைப்பதே அதன் வேலை. இவையும் பச்சை, இவையும் நான்கு சக்கர இயக்கம். ஆனால் பின்புறத்தில் நிலையான பெரிய பம்பும் மூடிய பாடியும் இல்லாமையே வேறுபாடு.

இரண்டாவது, மாவட்டத் தீயணைப்புப் படைகள் அதே எஸ் வரிசை பெட்ஃபோர்டு சேசிசில் கட்டிக்கொண்ட சிவப்பு வண்டிகள். டாட்டனில் இருந்த ஹாம்ப்ஷயர் கார் பாடீஸ், செல்டன்ஹாமில் இருந்த ஆல்ஃபிரட் மைல்ஸ் போன்றோர் இவற்றுக்குப் பாடி கட்டினர். இரு சக்கர இயக்க கிரீன் காடஸ் வண்டியைச் சிவப்பு வண்ணத்தில் பார்க்கும்போது உண்மையான சிக்கல் இங்கேதான் எழுகிறது, ஏனெனில் சேசிஸ், இரட்டை டயர், எஞ்சின் எல்லாம் ஒன்றே. பாடியின் வடிவமும் பதிவெண்ணும் அடிப்பூச்சும் மட்டுமே இங்கு பிரித்துக்காட்டும்.

கில்ட்ஃபோர்டின் டென்னிஸ் வண்டிகளோடு குழம்புவதற்குக் காரணமே இல்லை. டென்னிஸ் நிறுவனம் தீயணைப்புக்கென்றே சேசிசை வடிவமைத்தது, எஃப்12 போன்றவற்றில் ரோல்ஸ் ராய்ஸ் எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தியது, விரைவுக்காகத் தாழ்வாகவும் நேர்த்தியாகவும் கட்டியது. விமான நிலையங்களில் இருந்த தார்னிகிராஃப்ட் நூபியன் வண்டியும் நான்கு சக்கர இயக்கம்தான், ஆயினும் அதில் கூரை மேல் நுரை பீய்ச்சும் குழல் இருக்கும்.

பணிக்காலம் விட்டுச்சென்ற தடயங்கள்

1968-இல் துணைத் தீயணைப்புப் படை கலைக்கப்பட்டது. வண்டிகள் கிடங்குகளுக்குச் சென்றன. அணுப்போர் வரவில்லை. அவ்வப்போது வெள்ளநீர் இறைக்க எடுத்தார்கள். பின்பு 1977 நவம்பர் 14 அன்று தொடங்கி 1978 ஜனவரி வரை நீண்ட தீயணைப்பு வீரர்களின் வேலைநிறுத்தத்தில் படைவீரர்கள் இவற்றை ஓட்டினார்கள். 2002 நவம்பரில் மீண்டும் வேலைநிறுத்தம் வந்தபோது 827 கிரீன் காடஸ் வண்டிகளும் ஏறத்தாழ 19,000 படையினரும் களமிறக்கப்பட்டனர். ஏறக்குறைய 50 வயதான, பவர் ஸ்டீயரிங் இல்லாத, மெதுவாகச் செல்லும் லாரிகளைக் காவல் வண்டிகள் முன்னால் வழிகாட்டி அழைத்துச் சென்றன. சாலை விபத்தில் சிக்கியவரை மீட்க உலோகத்தை வெட்டும் கருவி அதில் கிடையாது. அதற்கும் மூச்சுக்கருவி அணிந்து உள்ளே செல்லும் பணிக்கும் தனிப் படைக்குழுக்களை அமைக்க வேண்டியிருந்தது. செய்தியாளர்கள் இதைப் பழமையின் குறையாக எழுதினார்கள். உண்மையில் அந்த வண்டி அந்த வேலைக்காகக் கட்டப்படவே இல்லை.

அடையாளம் காண்பவருக்கு இந்த வரலாற்றில் இரண்டு பயன்கள் உண்டு. ஒன்று, ஓடிய தூரம். பெரும்பகுதி வாழ்நாளைக் கிடங்கில் கழித்ததால் பல வண்டிகளின் மைல்மானி வியப்பூட்டும் அளவு குறைந்த எண்ணையே காட்டும். மாவட்ட நிலையத்தில் உழைத்த வண்டியின் மிதிபலகைகளும் இருக்கைகளும் கதவுப் பிடிகளும் தேய்ந்திருக்கும். இதில் அந்தத் தேய்மானம் இருக்காது. இரண்டு, படங்களின் காலம். சீருடைப் படைவீரர் ஓட்டும் பச்சை வண்டியின் படம் 1977-ஐயோ 2002-ஐயோ சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு மிகுதி. அவற்றில் எது என்பதைச் சுற்றியுள்ள கார்களைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

2004-க்குப் பின் அரசு இவற்றை விற்கத் தொடங்கியது. சில ஆர்வலர்களிடமும் அருங்காட்சியகங்களிடமும் சென்றன. பல ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்று, வேறு தீயணைப்பு வண்டியே இல்லாத ஊர்களில் வேலை செய்தன. அங்கு அவை சிவப்பானதில் வியப்பில்லை.

முடிவைப் பதியும் முறை

தொடக்கத்தில் கொண்ட வண்டிக்குத் திரும்பினால், அதன் நான்கு தடயங்கள் அழிந்துவிட்டன: நிறம், எண், ஏணி, பம்ப். மிஞ்சியவை ஒற்றைப் பின் டயரும், முன் அச்சின் இயக்கமும், பம்பைத் தாங்கிய சட்டங்களும், கூரையில் வட்டத் திறப்பு இல்லாத நீண்ட கேபினும், பெட்டிகளுக்குள் ஒளிந்திருக்கும் பச்சையும். இவை ஐந்தும் ஒத்துப்போனால் நான்கு சக்கர இயக்க கிரீன் காடஸ் என்று ஐயமின்றி எழுதலாம். அச்சும் கேபினும் மட்டும் ஒத்துப்போய், பின்புறம் முற்றிலும் வெட்டப்பட்டிருந்தால், 'பெரும்பாலும் இந்த வகை' என்ற அளவில் நிறுத்த வேண்டும். இரட்டைப் பின் டயர் இருந்து, பதிவெண்ணும் அடிப்பூச்சும் கிடைக்காவிட்டால், 'எஸ் வரிசை பெட்ஃபோர்டு தீயணைப்பு வண்டி' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதக் கூடாது.

ஆண்டைப் பொறுத்தவரை, சேசிஸ் எண்ணோ பழைய பதிவுச் சான்றோ கையில் இல்லாதபோது '1953–1956' என்ற முழு வரம்பையே எழுதுவது நேர்மையானது. படம் எடுப்பவர் முகப்பை மட்டும் எடுத்துவிட்டு வராமல், பின் சக்கரம், முன் அச்சு, பின்புறச் சட்டம், ஒரு பெட்டியின் உட்புறம், சேசிஸ் எண் ஆகிய ஐந்தையும் எடுத்து வந்தால், வண்டி பின்னாளில் இரும்புக்கடைக்குப் போய்விட்டாலும் வேறொருவர் அந்தப் படங்களைக் கொண்டே இந்த ஆய்வை மறுபடி செய்து பார்க்க முடியும்.